எண் ஒன்று

காசிமேட்டில் கரன்ட் போனால்
முதலில் நிற்பது ஐஸ் கம்பெனி இரைச்சல்.
நின்ற பிறகுதான்
அது இவ்வளவு நேரம் இருந்ததே தெரியும்.

திரும்ப வரும்போது
யார் முதலில் எழ வேண்டும்
என்பதுதான் சண்டை.

சிரிக்காதீர்கள்.
இதற்காக ஒரு சங்கம் உடைந்திருக்கிறது:
தண்டையார்பேட்டை, ஜெராக்ஸ் கடை மாடி,
ஞாயிறு நான்கு மணி, பதினொரு பேர்,
ஒரே ஒரு மின்விசிறி.

டெல்பின் சொன்னாள்:
எழுப்புகிறவனுக்கு எழுப்புகிற வேலை போதும்.
எண் போட்ட சின்னச் சின்னக் கோப்புகள்,
இருபது முடிந்தால் இருபத்தொன்று.
எதையும் திறந்து படிக்கலாம்,
தப்பு எந்த வரியில் என்று விரல் வைக்கலாம்.
"உன் ஆளு எழுப்பத்தான் வந்தான்.
அப்புறம் பதிவேட்ட வாங்கிக்கினான்,
கடிகாரத்த வாங்கிக்கினான்,
உள்ள வர்றவன் பேர எழுதுற நோட்டையும் வாங்கிக்கினான்.
நாளைக்கு மொத்த சாவியும் அவன் இடுப்புலயா?"

ஹயாத் பாஷா மேசையைத் தட்டினான்.
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றிருக்கிறாயா?
வராத கூட்ஸ் வண்டிக்காக
ஆம்புலன்ஸும் நிற்கும், ஷேர் ஆட்டோவும் நிற்கும்.
அதுதான் உன் வரிசை.
யாருக்கு யார் வேண்டுமோ
அவருக்காக அவர் மட்டும் காத்திருக்கட்டும்,
மற்றவர்கள் போகட்டுமே.
"உன் ஸ்கிரிப்ட் கிளப்பி வுட்டுட்டுப் பூடும்.
அப்புறம் அது இருந்தா என்னா, செத்தா என்னா?"

எனக்கு அந்த எண் ஒன்றின் மேல்தான் கண்.
கர்னல் பெற்றெடுக்கும் முதல் நிரல்.
மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள்,
பிள்ளைகளின் பிள்ளைகள்.
பெற்றது இறந்துபோனால்
அனாதையை எண் ஒன்று தத்தெடுக்கும், அது சட்டம்.
முடிந்துபோயும் பட்டியலில் பெயர் நீங்காதவை உண்டு,
எங்கள் தெரு வாக்காளர் பட்டியலில்
என் பெரியப்பா இன்னும் கிடப்பதுபோல.
அவற்றையும் அதுதான் அடிக்க வேண்டும்.
அது மட்டும் சாகக் கூடாது.
செத்தால் மொத்தமும் உறைந்துவிடும்.

இப்படி ஒருவரிடம் எவ்வளவு கொடுப்பது?
நாங்கள் பேசுவது கணினியைப் பற்றித்தானா என்று
ஒரு கணம் சந்தேகம் வந்தது.
டீ வந்ததும் போயிற்று.

வாக்கெடுப்பு. ஐந்து, ஐந்து.
பதினொன்றாவது கை என்னுடையது.
புதியதற்குத் தூக்கினேன்.
காரணம் சொல்ல வெட்கம்:
அது சீக்கிரம் எழும் என்றார்கள்,
எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

டெல்பின் தன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுற்றிக்கொண்டு
நால்வரோடு படியிறங்கினாள்.
எதிர்ச்சாரியில் தையல்கடை மாடியில்
இப்போது இன்னொரு சங்கம்.
அதே ஞாயிறு. அதே நான்கு.

மாநகராட்சித் தேர்தலுக்கு முந்தின வாரம்
இரண்டு மணிக்குப் போன கரன்ட்
மூன்றேகாலுக்கு வந்தது.
ஐஸ் கம்பெனியில் நான் வைத்த கணினி எழவில்லை.
காத்திருக்கிறேன் என்றது திரை,
ஒன்றரை நிமிடம்.
ஒன்றரை நிமிடம் முடிந்ததும்
அவசரநிலை என்று அறிவித்தது.
வெளியே விசைப்படகுகள் ஐஸுக்கு நிற்கின்றன.
முதலாளி ஞானசிகாமணி
என் படிப்பில் தொடங்கி என் பரம்பரைக்குப் போய்க்கொண்டிருந்தார்.
ஹயாத் போனை எடுக்கவில்லை.

டெல்பின் எடுத்தாள்.
"எதுக்காகக் காத்துனுக்குதுன்னு படி."
படித்தேன்.
போன மாதம் நானே கழற்றிய பழைய வட்டு;
பட்டியலில் பெயர் மட்டும் இருந்தது.
"அந்தப் பேர அடி."
அடித்தேன். எழுந்தது.

நான் தோற்றேன் என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன்.
கொஞ்ச நேரம் மூச்சுதான் கேட்டது.
"பழசா இருந்தாலும் இங்கதான் நின்னுருக்கும்,
தெரிமா?" என்றாள்.
வைத்துவிட்டாள்.

விடிந்து வீட்டுக்கு வந்தால்
கதவிடுக்கில் பூத் சிலிப்,
பெரியப்பா பேருக்கு.
கிழிக்கப் போனேன்.
பிறகு ஃப்ரிட்ஜ் மேல் வைத்து
அது பறக்காமல் இருக்க
டெஸ்டரை எடுத்து அதன் மேல் வைத்தேன்.